மறுத்தவர் பட்டியலில் அந்த அக்கா

2021 ஏப்ரல் மூன்றாவது வாரம். பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்குக் கீழே இருக்கும் அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கிறேன். மேசை மேல் வேக்சின் கேரியர். அதற்குள் ஐஸ் பேக்குகளுக்கு நடுவே ஒரே ஒரு கோவிஷீல்டு குப்பி. வெளியே திண்ணையில் 6 பேர். 5 பெண்கள், ஒரு தாத்தா. காலை 10 மணிக்கு ஆரம்பித்தோம். மதியம் 1 மணி ஆகியும் அந்த 6 பேர் 7 ஆகவில்லை.

ஒரு குப்பியில் 10 பேருக்கான மருந்து இருக்கும். ரப்பர் மூடியில் ஒரு தடவை ஊசியை இறக்கிவிட்டால் 4 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். மிச்சம் இருந்தால் அது போச்சு. ஒரு டோஸ்கூட வீணாகக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. ‘4 டோஸ் வீண்’ என்று எழுதினால் மறுநாள் காலையிலேயே போன் வரும். அதனால் நான் குப்பியைத் திறக்கவில்லை. “இன்னும் 4 பேர் சேரட்டும், அடுத்த வாரம் வாங்க” என்று 6 பேரையும் அனுப்பிவிட்டேன்.

கடைசியாக எழுந்தவர் 50 வயது தாண்டிய ஓர் அக்கா. கொழுந்து எடுப்பவர். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டே சொன்னார்: “அரைப் பேர் போச்சு சிஸ்டர். இனிமே நான் வரல.”

தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் ‘பேர்’ என்பார்கள். காலையில் பறித்த கொழுந்தை நிறுக்கும் எடைக்குப் போகாததால் அவருக்கு அன்றைக்குப் பாதிக் கூலிதான்.

சாயங்காலம் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். இலக்கு எத்தனை, போட்டுக்கொண்டவர் எத்தனை, மறுத்தவர் எத்தனை. இவ்வளவுதான் கட்டங்கள். வந்து, 3 மணி நேரம் காத்திருந்து, நாங்களே திருப்பி அனுப்பியவருக்கு அதில் இடம் இல்லை. போட்டுக்கொள்ளாதவர் மறுத்தவர். 6 பேரையும் அந்தக் கட்டத்தில் எழுதினேன்.

அப்போது அது எனக்குத் தவறாகவே படவில்லை. எப்போதும் எழுதுவதுதான். இரண்டு நாள் கழித்து, எங்கள் பகுதியில் மறுப்பு அதிகமாக இருக்கிறது, விழிப்புணர்வுப் பிரச்சாரத்தைத் தீவிரப்படுத்த வேண்டும் என்று செய்தி வந்தபோதுதான் சுருக்கென்றது. ஆட்டோவில் மைக் கட்டி, நோட்டீசுக் கட்டுகளோடு ஆட்கள் வந்தார்கள். அந்த அக்காவின் லைன் வாசலிலும் ஆட்டோ நின்றது. தயங்காமல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று மைக் சொன்னது. அவர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

நான் 26 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். அதில் பெரும்பகுதி பந்தலூர் வட்டத்தில்தான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பணியில் இருக்கும் தங்கச்சிகள் போனில் பேசும்போது அடிக்கடி ஒன்று கேட்பார்கள்: “நாம சொல்லியாக்கா மாறப்போகுது? மேல முடிவு பண்றாங்க, நாம செய்யறோம்.” நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொரோனா காலத்தின் அந்த இரண்டு வருடத்தில்தான் அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. முழுப் பொய்யும் இல்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீலகிரி என்றதும் எல்லோருக்கும் ஊட்டிதான் நினைவுக்கு வரும். நாங்கள் இருப்பது மேற்குப் பக்கம், கேரள எல்லையை ஒட்டி. சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி, கொளப்பள்ளி. ஊட்டிக்குப் பேருந்தில் போய்ச் சேர 3 மணி நேரமாவது வேண்டும். அவசரம் என்றால் பலரும் சுல்தான் பத்தேரிக்குத்தான் ஓடுவார்கள். 2020-ல் எல்லையை மூடியபோது அந்த வழியும் அடைந்துபோனது. தோட்டத் தொழிலாளர்களில் நிறையப் பேர் 1964-ன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தார். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகள் தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜீப் போகிற வரைக்கும் ஜீப், அப்புறம் நடை. பொழுது சாய்ந்தால் யானை.

இந்த ஊருக்கு வருகிற விதி எதுவும் இந்த ஊரைப் பார்த்து எழுதியதாக இருக்காது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே நாளில் எழுதினால் அப்படித்தான் இருக்கும். அதை இந்த ஊருக்குப் பொருத்துகிற வேலை எங்களுடையது. அந்தப் பொருத்தலை எங்கள் துறையில் ‘சமாளிக்கிறது’ என்போம். நல்ல செவிலியர் என்றால் நன்றாகச் சமாளிப்பவர். நானும் அதில் பெருமைப்பட்டவள்தான். அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன்.

2020-ல் தொற்று வந்தவரோடு தொடர்பில் இருந்தவர்கள் 14 நாள் வீட்டிலேயே தனிமையில் இருக்க வேண்டும். தனி அறை, முடிந்தால் தனிக் கழிப்பறை. லைன் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? ஓர் அறை, ஓர் அடுப்படி. அதில் 5 பேர், 6 பேர். கழிப்பறை பல வீடுகளுக்குப் பொது. தண்ணீர்க் குழாய் வரிசையின் கோடியில். நாங்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி: தனி அறை உள்ளதா? ‘இல்லை’ என்று எழுதினால் அவரை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய் முகாமில் வைக்க வேண்டும். கைக்குழந்தையோடு இருக்கிற தாயை எப்படிக் கூட்டிப் போவது? அடுப்படிக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டச் சொன்னேன். ‘ஆம்’ என்று எழுதினேன். வீடு வீடாக அப்படித்தான் எழுதினேன். என்னோடு வேலை பார்த்தவர்களும் அப்படித்தான்.

மூன்று மாதம் கழித்து, தொற்று லைனுக்குள் பரவ ஆரம்பித்ததும், தோட்டத்துக் கிரெச் (குழந்தைகள் காப்பகம்) கட்டடம் சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, அதைத் தனிமைப்படுத்தும் இடமாகக் கேட்டு வாங்கித் தாருங்கள் என்று நானே போய் நின்றேன். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி கேட்டார்: “உங்க ரிப்போர்ட்படி எல்லா வீட்லயும் தனி ரூம் இருக்கேம்மா?”

அவரிடம் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். எனக்குத்தான் வாய் அடைத்துப்போனது. நான் கட்டச் சொன்ன சேலை அவருடைய மேசையில் சுவராக நின்றது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். நாம் ஒரு விதியைச் சத்தமில்லாமல் சமாளித்துவிட்டால், அந்த விதி சரியாக வேலை செய்கிறது என்றுதான் மேலே பதிவாகும். நம்முடைய கஷ்டம் மட்டும் மறைவதில்லை, விதியின் ஓட்டையும் மறைகிறது. மேலே இருப்பவர்கள் மலையைப் பார்ப்பது நாம் நிரப்பும் கட்டங்கள் வழியாகத்தான்.

தடுப்பூசி வந்தபோதும் அதே கதைதான், போன் நம்பர் வடிவில். கோவின் செயலியில் ஒருவரைப் பதிய வேண்டுமானால் ஒரு கைபேசி எண் வேண்டும். ஓர் எண்ணில் 4 பேரைத்தான் சேர்க்கலாம். பணியர் காலனியில் போன் வைத்திருப்பவர் சில பேர். சிக்னல் கிடைப்பது காலனிக்கு மேலே ஒரு பாறையில். என் எண்ணைக் கொடுத்தேன், என் கணவர் எண், அங்கன்வாடி டீச்சர் எண், ஜீப் டிரைவர் எண். 4 எண்ணில் 16 பேர். அன்றைய வேலை முடிந்தது. அந்த 2021 செப்டம்பரில் எங்கள் மாவட்டத்தில் டாஸ்மாக் கடைக்குப் போனால்கூடத் தடுப்பூசிச் சான்று கேட்டார்கள். சான்று இறங்குவது பதிந்த எண்ணுக்கு வரும் ஓடிபியில். காலையில் எழுந்து கதவைத் திறந்தால் வாசலில் ஆள் நிற்பார்: “சிஸ்டர், என்னோட சர்ட்டிபிகேட் உங்க போன்லதான் இருக்காம்.” ஓர் எண்ணுக்கு 4 பேர் என்பதை 6 பேர் ஆக்கியது 2022 ஜனவரியில். அதற்குள் எங்களில் எத்தனை பேர் எத்தனை எண்களைக் கடன் வாங்கியிருப்போம்! முதல் வாரமே எல்லோரும் ‘எண் போதவில்லை’ என்று எழுத்தில் கொடுத்திருந்தால் அது முன்னாலேயே வந்திருக்கலாம். தெரியவில்லை. நாங்கள் எழுதவில்லை என்பது மட்டும் தெரியும்.

சரி, அந்த அக்காவுக்கு வருகிறேன்.

மைக் ஆட்டோ வந்துபோன அன்று கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். ‘மறுத்தவர்’ என்று நான் எழுதிய ஒவ்வொருவரையும் திரும்பப் போய்ப் பார்த்து, ஏன் என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தையையே எழுதினேன். ‘விழிப்புணர்வு இல்லை’, ‘அச்சம்’ என்று நம் வார்த்தையில் மாற்றி எழுதக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அந்தக் கட்டுப்பாடுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் உதவியது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சில வரிகள்:

“காலைல வந்தா அரைப் பேர் போகுது.”

“போட்டா மறுநாள் காய்ச்சல். மறுநாளும் பேர் போகும்.”

“ஆதார் கார்டு அந்த மழைல போச்சு.” அந்த மழை என்றால் 2019 ஆகஸ்ட். அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டிய வாரம்.

“ஒரு மாசம் குடிக்கக் கூடாதாமே.”

“விவேக்கே போயிட்டாரே சிஸ்டர்.”

“நான் வந்தேன். நீங்கதான் அனுப்பிட்டீங்க.”

நடிகர் விவேக் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்றுதான் அவர் ஏப்ரல் 15 அன்று அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பால் காலமானார். தடுப்பூசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு பின்னால் சொன்னது. ஆனால் அந்த வாரம் ஒவ்வொரு லைனிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நானே அழுதேன். அப்படிப்பட்ட வாரத்தில் என் திண்ணைக்கு வந்த 6 பேரைத்தான் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்பது நோட்டு எழுதும்போதுதான் மனதில் தைத்தது.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் பயம் என்று சொல்லத்தக்கவை பாதிகூட இல்லை. மீதி எல்லாம் நேரம், கூலி, அட்டை, தூரம். பயந்தவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும், அவருக்குத் தெரிந்த ஒருவர் போட்டுக்கொண்டதைக் காட்ட வேண்டும். கூலி போகிறவரிடம் பேசி என்ன பயன்? அவருக்கு நேரத்தை மாற்றித் தர வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், இரண்டு பேருக்கும் மைக் ஆட்டோதான் வரும்.

ஏப்ரல் கடைசியில் மாதாந்திரக் கூட்டம். நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே நான் செய்தது எல்லாமே தவறு. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, எங்களைப் பொய் எழுத வைக்கிறீர்கள் என்று ஆரம்பித்தேன். குரல் உயர்ந்துவிட்டது. மேடையில் இருந்தவர் முகம் மாறியது. “இலக்கை முடிக்க முடியலன்னா காரணம் சொல்லாதீங்க” என்று உட்கார வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த, எங்களை மேற்பார்வையிடும் செக்டார் நர்ஸ் அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்ததும் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “நீ சொன்னது அத்தனையும் சரி. ஆனா அவரு அங்கயே ‘ஆமா’ன்னு சொல்லணும்னா, இத்தனை நாள் தப்பு பண்ணேன்னு எல்லார் முன்னாலயும் ஒத்துக்கணும். எந்த மனுஷன் ஒத்துக்குவான்?”

மே மாதம் ஊரடங்கு. தடுப்பூசியும் சரியாக வரவில்லை. ஒரு வாரம் குப்பியே இல்லை. இரண்டாவது அலை லைன்களுக்குள் ஏறியது. அந்த மாதத்தைப் பற்றி இங்கே நிறைய எழுத மாட்டேன். போன வருடம் சேலை கட்டிய வீடுகளில் ஒன்றில் ஒரு சாவு விழுந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதத்திலேயே செக்டார் அக்கா எங்கள் 4 செவிலியரைச் சேர்த்தார். 4 பேரும் ஒரே மாதிரி நோட்டுப் போட்டோம். ஒரே 6 காரணங்கள், ஒரே வரிசை. ஒருத்தி சொன்னால் அது அவளுடைய குறை. நாலு பேர் ஒரே அச்சில் கொண்டுபோனால் அது வட்டாரத்தின் நிலவரம். அதோடு, என்னுடைய நோட்டில் இல்லாதது மற்றவர்களிடம் இருந்தது. சேரம்பாடிப் பக்கம் வேலை பார்த்த தங்கச்சியின் நோட்டில் ‘யானை’ என்பது தனிக் காரணமாகவே இருந்தது. நான் அதைத் ‘தூரம்’ என்று எழுதியிருந்தேன்.

அப்புறம் ஒரு பக்கக் கடிதம். ஒரே பக்கம்தான். அக்கா அதில் மிகவும் கறாராக இருந்தார். மேலே என்ன நடக்கிறது, எத்தனை பேர். நடுவில் ஏன். கீழே என்ன கேட்கிறோம். ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு’ என்று முடிக்க விடவில்லை. “தக்க நடவடிக்கை என்னன்னு அவருக்குத் தெரிஞ்சா அவரே எடுத்திருப்பாரே” என்றார். உத்தரவில் வர வேண்டிய வாசகத்தை நாங்களே எழுதினோம்:

‘சனிக்கிழமைகளில் மாலை 4 முதல் 6 மணி வரை, கொழுந்து எடைபோடும் ஷெட்டுகளில், அருகருகே உள்ள 2 இடங்களை ஒரே நடமாடும் முகாமாகக் கொண்டு தடுப்பூசி செலுத்தலாம்.’

இந்த ஒரு வரிக்குள் எத்தனை கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். சனிக்கிழமை போட்டால் காய்ச்சல் வருவது ஞாயிற்றுக்கிழமை, அன்று தோட்டம் லீவு, பேர் போகாது. மாலை 4 மணிக்குக் கடைசி எடைக்கு எல்லோரும் ஷெட்டுக்கு வந்தே ஆக வேண்டும், நாம் தேடிப் போக வேண்டாம். ஜூன் மழைக்கு ஷெட்டில் தகரக் கூரை உண்டு. 6 மணிக்கு முடித்தால் வெளிச்சத்திலேயே வீடு போகலாம். 2 இடத்தை ஒரே முகாமாகக் காட்டினால், முதல் ஷெட்டில் 6 பேருக்காகத் திறந்த குப்பி அடுத்த ஷெட்டில் 4 பேருக்கு ஆகும். லேபிளில் திறந்த நேரத்தைப் பேனாவால் எழுதிவிடுவோம், 4 மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். செலவு? ஒரு ஜீப்புக்கு டீசல். இதில் எந்த யோசனையும் எங்கள் மூளையில் உதித்தது இல்லை. ‘மறுநாளும் பேர் போகும்’ என்று சொன்ன பெண்ணின் வரியிலிருந்து சனிக்கிழமை வந்தது. ‘யானை’யிலிருந்து 6 மணி வந்தது.

இன்னொரு வரியும் சேர்த்தோம். ஊசி போடுபவர், பதிவு செய்பவர், டிரைவர் ஆகியோர் திங்கட்கிழமை காலை 11 மணிக்கு வரலாம் என்று. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு வீடு போகிற டிரைவரின் வீட்டிலும் ஆட்கள் காத்திருப்பார்கள். உடன் வேலை செய்பவர்களின் தலையில் சுமையை ஏற்றிவிட்டுக் கொண்டுவரும் மாற்றம் மூன்றாவது வாரமே நின்றுபோகும்.

கடிதத்தைக் கூட்டத்தில் நீட்டவில்லை. முந்தின நாள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் தம்பியிடம் கொடுத்தோம். சின்ன வயசு, பணிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. “இதுல எது என் கையில இருக்கு சிஸ்டர்?” என்றுதான் முதலில் கேட்டார். நல்ல கேள்வி. முகாம் நேரத்தையும் இடத்தையும் வட்டார அளவிலேயே மாற்றலாம். வண்டிக்கு மாவட்டம் கண் அசைக்க வேண்டும். அடையாள அட்டை விஷயம் டெல்லி வரை போகிற சமாச்சாரம். மூன்றையும் ஒரே கடிதத்தில் போட்டிருந்தால் மூன்றும் டெல்லிக்குக் காத்திருந்திருக்கும். நேரத்தையும் இடத்தையும் மட்டும் பிரித்து முதலில் அனுப்பினார். அவரே ஒரு வார்த்தையும் சேர்த்தார்: ‘சோதனை அடிப்படையில், 2 வாரங்களுக்கு’. ‘மாற்றுங்கள்’ என்று கேட்டால் கையெழுத்துப் போடத் தயங்குபவர்கள், ‘2 வாரம் பார்க்கலாமா’ என்று கேட்டால் போட்டுவிடுகிறார்கள். இன்று வரை நான் தங்கச்சிகளுக்குச் சொல்வது: 2 வாரம் கேளுங்கள், எண்ணிக்கையோடு திரும்பிப் போங்கள்.

கடிதத்தின் நகலில் வரவு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதை நான் அன்றோடு விட்டேன். அது யார் மேசையிலும் தங்காது.

முதல் சனிக்கிழமை மழை. ஷெட்டில் தராசு ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருக்கிறது, சாக்குகள் ஈரமாக அடுக்கியிருக்கின்றன, கொழுந்து வாசம் மூக்கில் ஏறுகிறது. கணக்கு எழுதும் ரைட்டர் பெயர் கூப்பிட்டு எடையைச் சொல்லச் சொல்ல, எடை முடிந்தவர் நேராக என் மேசைக்கு வருகிறார். நான் யாரையும் கூப்பிடவில்லை. எடை வரிசை அப்படியே ஊசி வரிசை ஆகிவிட்டது. அங்கேயே ஒரு குப்பி முடிந்து இரண்டாவதைத் திறந்தேன். அடுத்த ஷெட்டில் அதையும் முடித்தோம். அன்று சாயங்காலம் ‘வீண்: 0’ என்று எழுதினேன். இரண்டாவது சனிக்கிழமைக்குப் பிறகு யாரும் 2 வாரக் கணக்கைக் கேட்கவே இல்லை. பக்கத்துத் தோட்டங்களுக்கும் அதே வரி போனது.

பழங்குடிக் குடியிருப்புகளின் கதை வேறு. அங்கே வேலை செய்தது என் நோட்டு இல்லை, எங்கள் ஆஷா, அதாவது ஊருக்கும் சுகாதாரத் துறைக்கும் இடையில் நிற்கும் பணியாளர். பணியர் பெண். தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் உண்டு, சமவெளிக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 2021 மார்ச்சில் 45 முதல் 59 வயதுக்காரர்களுக்கு நோய் இருந்தால்தான் ஊசி என்று 20 நோய்களின் பட்டியல் வந்தபோது, அதில் அரிவாள் செல் நோய் இருக்கிறதா என்று முதலில் கேட்டவள் அவள்தான். இருந்தது. கூடலூர், பந்தலூர்ப் பழங்குடியினரிடம் பரம்பரையாக வருகிற ரத்த நோய் அது. ஆனால் டாக்டர் சான்று வேண்டும், காலனிக்கு டாக்டர் எங்கே வருவார்? “லிஸ்ட் நம்ம கிட்டதான இருக்கு, டாக்டரைக் கூட்டிட்டு ஒரே நாள்ல கையெழுத்து வாங்கலாம்ல” என்றாள். வாங்கினோம். அட்டை இல்லாதவர் பிரச்சினைக்கு அந்த மே 6 அன்று மத்திய சுகாதார அமைச்சகமே வழிமுறை வெளியிட்டது. அடையாள அட்டை இல்லாதவர்களையும் பொறுப்பாளர் ஒருவர் மூலம் பதியலாம் என்று. 18 முதல் 44 வயதுக்காரர்கள் ஆன்லைனில்தான் பதிய வேண்டும் என்ற விதியும் மே 24-ல் அரசு மையங்களுக்குத் தளர்ந்தது. இதெல்லாம் பந்தலூர் நோட்டால் வந்தது என்று சொன்னால் அது பொய். நாடு முழுக்க எத்தனையோ செவிலியரும் ஆஷாவும் கிராம நிர்வாக அலுவலரும் இதே தொல்லையை மேலே அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்த உத்தரவு வந்த அன்றே எங்களிடம் அட்டை இல்லாதவர் பட்டியல் பெயரோடு தயாராக இருந்தது.  ஜூன் மாத இறுதிக்குள் நீலகிரியில் தகுதியுள்ள பழங்குடியினர் கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதல் தவணை போய்ச் சேர்ந்ததில் இப்படிப்பட்ட பட்டியல்களுக்குப் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

மாத்திரை விஷயமும் இப்படித்தான். 2020 ஊரடங்கில் பேருந்து நின்றதும் பிரஷர், சுகர் மாத்திரை வாங்க வருபவர்கள் வர முடியாமல் போனார்கள். நாங்கள் பையில் போட்டுக்கொண்டு லைன் லைனாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி வைத்ததை டிவியில் பார்த்தேன். தன்னார்வலர் பெண்ணின் தோளில் அந்தப் பையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தமிழ்நாடு முழுக்க ஆயிரக்கணக்கான தோள்களில் முந்தின வருடமே தொங்கிய பை அது.

நடக்காதவையும் நிறைய. கிரெச் கட்டடம் கடைசி வரை கிடைக்கவில்லை. எங்கள் ஆஷாவுக்குச் சம்பளம் என்று ஒன்று வேண்டும், வேலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் ஊக்கத்தொகை போதாது என்று 3 முறை எழுதினோம். 3 நகலிலும் முத்திரை இருக்கிறது. பதில் இல்லை. அறிக்கைப் படிவத்தில் ‘மறுத்தவர்’ என்ற கட்டமும் அப்படியே இருந்தது. வட்டார அளவில் மட்டும் அதன் பக்கத்தில் பேனாவால் ‘காரணம்’ என்று ஒரு கோடு இழுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். நாங்கள் அனுப்பிய காகிதங்களில் பாதிக்கு மேல் எங்கேயும் போய்ச் சேரவில்லை. இது தெரிந்தேதான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் முதல் காகிதம் திரும்பாதபோதே பேனாவை மூடிவிடுவோம்.

ஒன்று மட்டும் நான் தாமதமாகக் கற்றது. காரணம் சொன்னவரிடம் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். ‘நீங்க சொன்னதாலதான் சனிக்கிழமை ஆச்சு’ என்று நேரில் சொல்ல வேண்டும். அடுத்த தடவை நோட்டோடு போய் நின்றால் அவர்கள் உண்மையைச் சொல்வது அதனால்தான்.

அந்த அக்கா முதல் இரண்டு சனிக்கிழமையும் எடை முடிந்ததும் என் மேசையைப் பார்க்காமல் போய்விட்டார். மூன்றாவது வாரத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். ஏப்ரலில் திருப்பி அனுப்பியது என் தவறு என்றேன். மறுத்தவர் என்று அவர் பெயரை எழுதியதையும் சொன்னேன். நோட்டைத் திறந்து அவர் சொன்ன வரியைப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. விரலை அந்த வரிமேல் வைத்து, “இதுவா நான் சொன்னது?” என்று கேட்டார். இதுதான் என்றேன். கறுப்புக் காபி போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை வரிசையில் கடைசியாக வந்து நின்றார். முதல் குப்பி தீர்ந்திருந்தது, பின்னால் ஆள் இல்லை. நான் புதுக் குப்பியை எடுத்ததும் என் கையைப் பார்த்தார்.

“எனக்கு ஒருத்திக்காகவா சிஸ்டர்?”

“ஆமாங்க்கா. கையை இறுக்காதீங்க” என்றேன். லேபிளில் 5.20 என்று எழுதினேன்.